அத்தை இன்னும் சேரவில்லை

எங்கள் குடும்பம் இரண்டாக உடைந்ததற்குச் சொத்துத் தகராறு காரணமில்லை. ஆப் தகராறு.

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பழைய ஆப்பில் குடும்பக் குரூப்பையும் ஆபீஸ் மாதிரியே நடத்திவந்தார். ஒரே குட்மார்னிங் படத்தை இருமுறை போட்டால் விளக்கம் கேட்பார். அது பொறுக்காத சித்தப்பா, நம் நாட்டிலேயே செய்த புது ஆப் ஒன்று வந்ததும் அதில் தனிக் குரூப் தொடங்கி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினார். ஒருவரும் சேரவில்லை.

ஏன் சேருவார்கள்? நேரில் வந்து கூப்பிடாத கல்யாணத்தில் கை நனைக்காத ஆட்கள் நாங்கள். கரிவலம்வந்தநல்லூர் மாமா, வெறும் லிங்க் அனுப்பினால் அது அழைப்பா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். சித்தப்பா சுதாரித்துக்கொண்டார். சித்தியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீடு வீடாகப் போய் ஆப்புக்கு அழைத்தார். ஆள் சேர ஆரம்பித்தது.

அப்பாவுக்கு வயிறு எரிந்தது. இருக்கிறவர்களைத் தக்கவைக்க அவரும் தட்டோடு கிளம்பினார். இந்தக் கூத்துக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால் பைக் ஓட்டும் வேலை எனக்கு. போன வீட்டிலெல்லாம் காப்பி, முறுக்கு. எனக்கென்ன கசக்கவா செய்யும்?

இரண்டு பேரும் குறிவைத்தது வாசுதேவநல்லூர் அத்தையை. இருவருக்கும் அக்கா. தனியாக இருக்கிறாள். அவள் எந்தப் பக்கம் சேருகிறாளோ, அவள் பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் எல்லோரும் கூண்டோடு அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். அவளோ போனில் பேசுவதோடு சரி.

அப்பா அல்வாவோடு போனார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் அத்தை. அடுத்த வாரம் சித்தப்பா மல்லிகைப்பூவும் சேவும் கொண்டுபோனார். அவருக்கும் அதே பதில்தான். அப்பா கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். சித்தப்பா தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் பார்த்துக் கொடுத்தார். அத்தை யோசித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் அப்பா கொல்லைப்புறம் கை கழுவப் போயிருந்தார். போனில் சத்தமே வரவில்லை என்று அத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தால் உள்ளே இரண்டு ஆப்பும் இருக்கின்றன, எங்கள் யாருக்கும் தெரியாத வேறொரு நம்பரில். இரண்டிலும் கோயில் தோழிகளுக்கென்று ஒரு குரூப். இரண்டுக்கும் அத்தையே அட்மின். அவள் காலையில் போட்ட குட்மார்னிங் படம்கூட இருந்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அத்தை கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே, உங்கப்பன்ட்ட சொல்லிராத. நான் சேந்துட்டேன்னா ரெண்டு பேரும் அங்கன இருந்தே படம் அனுப்பிட்டு இருந்துருவானுவ. பொறவு இங்கன யாரு வாரா?"

பெயிண்டுக்கும் மோட்டாருக்கும் முன்னால் நாங்கள் அந்த வீட்டுக்கு எப்போது வந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. போனைச் சரிசெய்து கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில், அத்தைக்குச் சித்தப்பாவின் ஆப் மேல்தான் மனசு போல என்று அப்பாவிடம் மெல்லச் சொல்லிவைத்தேன். ஊர் வந்து சேர்ந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அத்தை அப்பாவின் பக்கம் சாய்கிற மாதிரி தெரிகிறது என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு வாசலில் இரண்டு பைக்குகள் நின்றன.