மேற்குக் குளத்துப் போர்வை

கிழக்குக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவளுக்கு வெயில் மீது கோபம் இல்லை. வெயில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் அடிக்கிறது. அவள் கோபமெல்லாம் மேற்குக் குளத்தின் மேல் விரித்திருந்த நீலப் போர்வை மீதுதான்.

அந்தக் குடியிருப்பில் நீச்சல்குளங்கள் இரண்டு. நடுவே ஒரு கம்பி வலை. கிழக்கில் ஒன்பது வருடமாக அவள். மேற்கில், போன வருடம் வந்து சேர்ந்த அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டியவள். வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். வெளியே வந்தால் தலைகீழ். உப்பு மூட்டையைத் தூக்கி வந்து தண்ணீரில் கொட்டுவதால் குடியிருப்பே இவளை 'உப்புக்காரி' என்றது. அதே மூட்டையை அதே மாதிரி கொட்டும் சின்னவளை 'மேடம்' என்றது. சின்னவள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துவாளாம். அதெல்லாம் ஒரு காரணமா?

இரண்டுமே உப்புத் தண்ணீர்க் குளங்கள். தண்ணீர் குழாய் வழியே ஒரு பெட்டிக்குள் போகும். உள்ளே தகடுகளில் மின்சாரம் பாயும். உப்பிலிருந்தே குளோரின் பிறக்கும். பிறப்பது பெரிய காரியமில்லை, கோடையில் அது தங்கவேண்டும். காலையில் மாத்திரை போட்டுச் சோதித்தால் நிறச் சீட்டில் இரண்டு காட்டும், மத்தியான வெயில் மொத்தத்தையும் குடித்துவிட்டுப் போய்விடும். பெரியவள் பெட்டியின் திருகை ஏற்றுவாள், விடியும் முன்பே பம்பை ஓடவிடுவாள், நாளுக்கு நான்கு முறை சோதிப்பாள். இப்படி உயிரைக் கொடுத்து அவள் காத்த குளோரினைச் சின்னவளுக்கு ஒரு பிளாஸ்டிக் போர்வை காத்துக் கொடுத்தது. ஒரு போர்வைதான் வாங்க முடியும் என்றார் குடியிருப்புச் செயலாளர். அதை எந்தப் பக்கம் கொடுத்தார் பாருங்கள்!

"சின்னவ குளம் கண்ணாடி மாதிரி இருக்காமே?" என்று சாப்பிடும்போது கேட்டார் வீட்டுக்காரர்.

"ஆமா, மூடி வச்ச எல்லாமே கண்ணாடிதான்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செயலாளர் இருவரையும் கூப்பிட்டார். தண்ணீர்த் தட்டுப்பாடு, இந்தக் கோடையில் ஒரு குளம்தான். ஞாயிறு பத்து மணிக்கு அவரே இரண்டையும் சோதிப்பார். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் குளத்துக் குளோரின் நிற்கிறதோ அதில் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு. மற்றக் குளத்தைப் பூட்டிவிட்டு, அதன் ஆள் வண்டி நிறுத்துமிடத்தைப் பெருக்கப் போகவேண்டும். அதுவரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பெரியவளுக்குத் திக்கென்றது. ஒன்பது வருடம் பார்த்த குளத்தை விட்டுவிட்டுக் கையில் துடைப்பமா? அதுவும் இவளிடம் தோற்றா? ஐந்து நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தாள். வலைக்கு அந்தப் பக்கம் சின்னவள் போர்வையைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் தூசி விழுமாம். தினமும் போர்வையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்துகொண்டாள். பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கிழக்கில் இரண்டு. அழகான வெளிர் ரோஜா நிறம். பெரியவள் சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டே வலைப் பக்கம் பார்த்தாள். சின்னவள் போர்வையைச் சுருட்டிவிட்டு, சோதனைக் குழாயில் தண்ணீர் மொண்டு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். ஒரு நொடி ரோஜா நிறம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நிறமே இல்லாத வெறும் தண்ணீர். சின்னவளின் முகம் செத்துப்போயிற்று.

குளோரினே இல்லை என்று நினைத்துவிட்டாள்.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. குளோரின் அளவுக்கு மிஞ்சினால் அதுவே மாத்திரையின் நிறத்தைத் தின்றுவிடும். ஐந்து நாளாக வெயில் படவில்லை, ஒருவரும் குளிக்கவில்லை, பெட்டி மட்டும் கோடைக் கணக்கில் ஓடியிருக்கிறது. போட்டது போட்டபடி உள்ளேயே சேர்ந்துவிட்டது. இதே தப்பைத் தானும் முதல் வருடம் செய்தவள்தான் பெரியவள். சுழியம் என்று நம்பி மேலும் ஊற்றி, குளித்தவர்களின் கண்ணெல்லாம் வீங்கி, ஒருவரின் கறுப்பு நீச்சல் உடை பழுப்பாகி, பழியை உப்பு மேல் போட்டுத் தப்பித்தாள். சின்னவளுக்கு வேலை காட்டியபோது எல்லாம் சொன்னாள். இதைச் சொன்னால் மானம் போகும் என்று விட்டுவிட்டாள்.

சின்னவள் அறைக்குள் ஓடித் திரவக் குளோரின் கேன்களோடு வந்தாள். பெரியவள் வலையருகே போனாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. 'ஊத்து, மேடம், நல்லா ஊத்து' என்று உள்ளுக்குள் ஒரு குரல். முதல் கேன் தீர்ந்தது. சின்னவள் மறுபடி சோதித்தாள். மறுபடியும் வெறும் தண்ணீர். அழுதுகொண்டே இரண்டாவதைத் திறந்தாள். அதுவும் தீர்ந்தது. பெரியவள் கேன்களை எண்ணிக்கொண்டாள். சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மூன்றாவது கேனைத் தூக்கும்போது செயலாளர் வந்துவிட்டார், பத்து மணிக்குக் கால் மணி முன்பே. பின்னால் நீச்சல் தொப்பி போட்ட பிள்ளைகள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது மேற்குக் குளம். ஒரு பொடிசு ஓடிப்போய் விளிம்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏய், காலை வைக்காதே!"

அந்தக் கத்தல் தன்னுடையது என்று பெரியவளுக்கே பிறகுதான் தெரிந்தது. வலைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பிள்ளையைத் தூக்கி அப்பால் வைத்தாள். மூச்சு வாங்கியது. செயலாளரின் குடிநீர்ப் பாட்டிலை வாங்கினாள். குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, குடிநீர் ஒன்பது பங்கு என்று கலந்து, அதில் மாத்திரையைப் போட்டாள். இத்தனை கலந்தும் சீட்டின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிச் செக்கச்செவேலென்று ஏறியது.

"நிறம் வராதது குளோரின் இல்லாம இல்ல சார். ரொம்ப இருக்கு. மூணு நாளைக்கு யாரும் இறங்கக் கூடாது."

செயலாளர் விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார். சின்னவளைப் பார்த்து, "நீ ஊத்தும்போது இவங்க எங்கே இருந்தாங்க?" என்றார்.

காலி கேன்கள் இரண்டும் கல்தரையில் கிடந்தன.

"உள்ள பம்பு பார்த்துட்டு இருந்தாங்க சார்" என்றாள் சின்னவள். "வெளிய வந்து பார்த்ததும் ஓடி வந்துட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

கிழக்கில் சோதித்தார்கள். இரண்டு. பிள்ளைகள் இறங்கினார்கள். மேற்குக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. செயலாளர் பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒன்பது வருட அனுபவம் சும்மாவா என்றார்.

அவர் போனதும் பெரியவள் சின்னவளிடம் போனாள்.

"நான் வலைகிட்டதான் நின்னேன்."

"தெரியும்க்கா. முதல் கேன்லயே பார்த்தேன். 'ஊத்தாதே'ன்னு சொல்லலையே, அப்ப சரியாத்தான் செய்யறோம்னு நினைச்சுட்டேன்."

"அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை வாங்கிக்கொள்ள வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் நடந்தாள். குளத்தில் பிள்ளைகள் கும்மாளம் போட்டார்கள். குளம் பெரியவளுடையதாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமல் போகும் அந்த முதுகையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒரு மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.