மாஸ்டர் கை காட்டிய பாட்டு

எங்கள் வீட்டுக்காரர் பிரகாசத்தை ஆவடியில் பாதிப் பேர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினில் தகடு அடிப்பார். சாயங்காலம் குளித்துவிட்டு மாதா கோயிலுக்குப் போய்விடுவார். பாடற்குழு அவருடையது. லாரி ஓட்டுகிறவன், நர்ஸம்மா, பள்ளிக்கூடத்துப் பெண்கள், யார் வந்தாலும் உட்கார வைத்து நாலு குரலாகப் பிரித்துவிடுவார். பங்குத் திருவிழாவுக்கு வருஷம் ஒரு புதுப் பாட்டு, மெட்டும் அவருடையதே. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கையைப் பார்த்தாலே பாட்டு எங்கே ஏறும், எங்கே அடங்கும் என்று தெரிந்துவிடும்.

மிஷின் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். காதில் வைக்கிற கருவி வாங்கினோம். அதில் பாட்டும் பஸ் ஹாரனும் ஒன்றாய்க் கேட்கிறது என்று கழற்றிப் போட்டார். குழுவில் இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள்; ஒருவரும் அதைப் பேசவில்லை. கண்ணை அவர் மேல் வைத்துக்கொண்டு, காதைக் கீபோர்டு வாசிக்கும் ஆன்சன் பக்கம் வைத்துப் பாடினார்கள். குழுவும் போய்விட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன? எனக்கும் அது சரியென்றே பட்டது.

இந்த வருஷத் திருவிழா, காலைப் பூசை. ஜனம் நற்கருணை வாங்க வரிசையில் நின்றது. புதுப் பாட்டின் முதல் சரணம் முடிவதற்குள் கரண்ட் போயிற்று. கீபோர்டு நின்றது. பிள்ளைகள் சுருதி தப்பி ஒவ்வொருவராய் நிறுத்திவிட்டார்கள். அவரோ கண்ணை மூடிக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கண் திறந்ததும், குழுவின் முன்வரிசையில் நின்ற ஹெலினா சட்டென்று வாயைத் திறந்தாள். சத்தமில்லை; உதடு மட்டும். பக்கத்திலிருந்தவளும் அப்படியே. பிறகு எல்லாரும். கோயில் முழுக்கக் கால் தேயும் சத்தம்தான். அவர் ஆண்குரல் பக்கம் கையை நீட்டி, எழுப்பி, அடக்கி, முழுப் பாட்டையும் முடித்தார்.

வீட்டில் காபி வைத்தேன். முகம் அப்படிப் பூரித்திருந்தது.

"ரெண்டாவது சரணம் பாத்தியா ஆரோக்கியம்? பசங்க அசத்திட்டானுங்கல்ல?"

எழுதிக் காட்ட எனக்கு வராது. எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியச் சொன்னேன்.

"யாரும் பாடல."

"இன்னா?"

"கரண்ட் பூட்ச்சு. யாரும் பாடலய்யா. வாய மட்டும் அசைச்சாங்க."

"இன்னா சொல்றே?"

மறுபடியும் சொல்ல வைத்தார். சொன்னேன். காபியில் ஆடை கட்டியது.

"அப்போ நான் கை காட்டிகினு இருந்தது?"



சாயங்காலம் ஹெலினா அழுதுகொண்டு வந்தாள்.

"இன்னா பெரிம்மா, சொல்லிட்டியே! மாஸ்டர் எவ்ளோ சந்தோஷமா இருந்தாரு!"

"உங்கப்பனா இருந்தா இப்டி வாய அசைப்பியாடி? அவரு இன்னா பொம்மையா? பாட்டு நின்னா, வந்து கையப் புடிச்சி நின்னுச்சுன்னு சொல்லு."

"மனசு ஒடஞ்சிடுமேன்னுதான் பெரிம்மா..."

"ஒடையட்டும். அது அவரு மனசு."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. முகம் கழுவ வைத்து, காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இப்போது ஆன்சன் கை காட்டுகிறான். இவர் ஆண்கள் பக்கம், தூண் ஓரமாக உட்காருகிறார். பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.