பட்டப்பகலில் எரிந்த பல்ப்

யுத்த காலம் அது. கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் வந்திருக்கவில்லை. வெயிலில் விளக்கு எரியும் என்று கேள்விப்பட்டு, நானும் கணவரும் கண்டிக்குப் போய் ஒரு சோலார் தகடும் சிறிய பல்பும் வாங்கினோம். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று சேலையில் சுற்றி, சாக்கில் போட்டு, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். உள்ளே ஏறிய சிப்பாய் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே வயர் இருக்கிறது! யாருடையது?" என்று சிங்களத்தில் கத்தினார். சனம் சிதறி ஓடியது. அந்த பஸ்ஸில் தமிழர் நாங்கள் இருவர்தான்.

"பேசாம நின்னா குண்டு வைக்க வந்தவங்கன்னு நெனப்பாங்க. நான் சொல்லிர்றேன்" என்று கணவர் கைகளைத் தூக்கியபடி முன்னே போனார். துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின.

அங்கிருந்த அதிகாரி, சாக்கை அவரையே வெளியே எடுத்து வந்து பிரிக்கச் சொன்னார். கணவர் தகட்டை வெயிலில் வைத்து, வயரைப் பல்பில் மாட்டினார். பல்ப் எரிந்தது! அதிகாரி தன் தொப்பியால் தகட்டை மூடினார், அணைந்தது. எடுத்தார், மறுபடி எரிந்தது. எண்ணெயும் இல்லை, மின்கம்பமும் இல்லை. ஓடியவர்கள் எல்லாம் திரும்பி வந்து வாய் பிளந்து நின்றார்கள். நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பயம் போன இடம் தெரியவில்லை.

"எங்கள் ஊரிலும் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு ஒன்று வாங்க வேண்டும், எந்தக் கடை?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

அதன் பிறகு நான் பயணத்தில் எதையும் மூடிக் கட்டுவதில்லை. இரவிலும் விளக்கு எரிய அடுத்த மாதம் பேட்டரி வாங்கி வந்தபோது, கண்டக்டரிடம் காட்டிச் சொல்லிவிட்டு, மடியில் திறந்தே வைத்துக்கொண்டு வந்தேன்.