தலையணைக்கு வளைகாப்பு

நான் ராயக்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் குடும்பத்தைப் பற்றி ஊரில் எவரும் குறைவாகப் பேசியதில்லை. என் மகளின் குழந்தையை மருமகள் வாடகைத்தாயாகச் சுமந்தபோது, செய்தி வெளியே தெரியாதிருக்க அவளை மூக்கண்டப்பள்ளியில் தனி வீட்டில் குடிவைத்தேன். மகளுக்கு வயிற்றில் தலையணை கட்டி வளைகாப்பும் நடத்தினேன்.

பின்னொரு நாள் மகளுடன் ஓசூரில் வாடகைத்தாயைப் பற்றிய நகைச்சுவைப் படத்துக்குப் போனேன். நாயகி தலையணை கட்டிக்கொண்டதும் அரங்கமே சிரித்தது; மகள் அழுதாள்.

“சொமக்கறது அண்ணி, வளையல் எனக்கா? அவங்களுக்கு ஒண்ணுகூட போடலியேப்பா.”

அப்போதே எழுந்தேன். நேரே மருமகளிடம் சென்று வீட்டுக்கு அழைத்தேன்.

“ஊர்ல கேப்பாங்களே மாமா?”

“கேக்கட்டும். நானே சொல்றேன், வாம்மா.”

படம் பிடிக்காமல் நான் பாதியில் வெளியேறியதாகச் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. குறை படத்தில் இல்லை.