பதினேழு பொட்டலமும் ஒரு பிஸ்கட் டின்னும்

1. முப்பத்தொரு கிலோ

தராசு முள் முப்பத்தொன்றில் போய் நின்றது. ஒருவருக்கு இருபது கிலோதான் கணக்கு. கோலாலம்பூர் விமான நிலையத்தில், மெட்ராஸ் விமானம் கிளம்ப இரண்டு மணி நேரமே இருந்தபோது, எங்கள் டீமிலேயே ஒல்லியான பெண் தூக்கிவந்த பை அது.

"என்னம்மா இருக்கு இதுல?"

"துணிதான் டீச்சர்."

"துணி முப்பத்தொரு கிலோவா?"

வசந்தா ஜிப்பின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

நான் திருக்காட்டுப்பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். எழுபதுகளின் கடைசியில் மாநிலப் பெண்கள் வாலிபால் டீமுக்கு மேனேஜராகப் போட்டார்கள். கோலாலம்பூரில் ஏழெட்டு நாடுகள் கலந்துகொண்ட பெரிய போட்டி அது. எனக்கு அதுதான் முதல் வெளிநாடு, முதல் விமானம். மேனேஜர் என்றால் ஆட்டத்தைப் பற்றி ஏதோ செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, மேனேஜரின் வேலை பாதிக்கு மேல் பெட்டி எண்ணுவதுதான்.

இப்போது டீம் அழைத்துப் போகிறவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகும்போது லக்கேஜ் தொந்தரவே இருக்காது. திரும்பும்போதுதான் எல்லாம். பந்துகளில் காற்றை இறக்கிவிட வேண்டும். ஷூவைப் பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஸ்வெட்டரையும் டிராக் சூட்டையும் வெயிலானாலும் மேலே மாட்டிக்கொள்ளட்டும். கோப்பை எப்போதும் கையில். இவையெல்லாம் அந்த ஒரு பயணத்தில் நான் கற்றவை.

எங்களுக்குத் தலைவராக வந்தவரை லீடர் சார் என்போம். கும்பகோணம் பக்கம் நிறைய நிலம் உள்ளவர். விளையாட்டுச் சங்கத்தில் பொறுப்பு. டீம் லிஸ்டில் கடைசிக் கையெழுத்து அவருடையது. அவர்தான் யோசனை சொன்னார்.

"தனித்தனியா எடை போட்டா மாட்டிக்குவோம் டீச்சர். பதினாலு டிக்கெட்டையும் சேர்த்து நீட்டுங்க. மொத்தமா இருநூத்தி எண்பது கிலோ வரும். அதுக்குள்ள அடக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

இதற்கு பூலிங் என்று பேர். தப்பில்லை, விமானக் கம்பெனிக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். அதனால் கவுன்டருக்குப் போகும் முன் ஹாலின் மூலையில் இருந்த தராசில் ஒவ்வொரு பெட்டியாக வைத்துக் குறித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. பதினொரு கிலோ கூடுதல். வசந்தா கூடுதலாக வைத்திருந்ததும் பதினொன்றுதான்.

"பாத்தீங்களா, எல்லாம் அந்தப் பொண்ணாலதான்" என்றார் லீடர். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "அவ அப்பன் யாருன்னு தெரியுமில்ல? என்ன வச்சிருக்காளோ, எவன் குடுத்து அனுப்பினானோ."

தெரியும். வசந்தா கீழ்வேளூர் பக்கத்துக் காலனிப் பெண். அப்பா விவசாயக் கூலி, கூலிகள் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். அந்த வருஷம் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியதில் தகராறு ஆகி, அவர் மேல் கேஸ் இருந்தது. ஜாமீனில் வந்து தினம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சித்தப்பா வயலிலும் அதே பருவத்தில் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சங்கத்தைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்செல்லாம் என் காதில் இருந்தது.

"பையைத் திற" என்றேன்.

"டீச்சர், எங்கயாவது ரூமுக்குள்ள..."

"இங்கேயே திற."

2. தரையில் விரித்த பை

பதினோரு பெண்கள் சுற்றி நின்று பார்க்க, அவள் தரையில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். உள்ளே அவளுடைய துணி அடியில் கொஞ்சம்தான். மேலே முழுக்கப் பொட்டலங்கள். கைலித் துணியில் சுற்றி, சணல் கயிறு கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் விலாசம். தேவூர். கீழ்வேளூர். திருக்குவளை. வலிவலம். எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

"யாரு குடுத்தது?"

"இங்க ரப்பர் எஸ்டேட்ல வேலை செய்யற நம்ம ஊர்க்காரங்க டீச்சர். முதல் மேட்ச் அன்னிக்கு வந்தாங்க. எந்த ஊரும்மான்னு கேட்டாங்க. கீழ்வேளூர்னேன். அடுத்த நாளும் வந்துட்டாங்க. எல்லாரும் நாகப்பட்டினத்துல கப்பலேறி வந்தவங்களாம். அண்ணனுக்கு, அக்காளுக்குன்னு கையில திணிக்கிறாங்க. ஒரு அம்மா அழுதுட்டாங்க. எப்படி வேணாங்கறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பீங்க."

உண்மைதான். சொல்லியிருந்தால் ஒன்றைக்கூட வாங்க விட்டிருக்க மாட்டேன். முகம் தெரியாதவர்கள் கொடுத்த சாமானைப் பிரிக்காமல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது போல ஆபத்து வேறில்லை. அப்போது மலேயா, சிங்கப்பூர் விமானங்களில் வந்து இறங்குகிறவர்களைச் சுங்கத்தில் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். குருவி என்று சொல்கிற ஆட்கள், கூலிக்குச் சாமான் தூக்கி வருகிறவர்கள், வாராவாரம் மாட்டிக்கொண்டிருந்த காலம்.

"எல்லாத்தையும் பிரி" என்றேன்.

பிரித்தோம். தைலப் பாட்டில், கைலி, கம்பளி, நைலான் புடவை, குழந்தைச் சட்டை. ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு கிழவரின் போட்டோ மட்டும், கம்பளிக்குள் பத்திரமாகச் சுற்றி. ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். சந்தேகத்தோடுதான் எழுதினேன். தைலப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கம்பளியின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். வசந்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

மூன்று பொட்டலங்களில் பிஸ்கட் டின் இருந்தது. மூன்றும் லேசு. நான்காவதாக ஒரு டின் துணி சுற்றாமல் பைக்கு அடியில் கிடந்தது. அதே பிஸ்கட், அதே படம். விலாசம் இல்லை. தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக ஷாட்புட் எடுத்துக் கொடுத்த கை. அது பிஸ்கட்டின் கனம் இல்லை. ஆட்டினேன், சத்தமே வரவில்லை. மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் மட்டும் புதுசு.

"இது யாரோடது?"

வசந்தா லீடர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்போது கொஞ்ச தூரத்தில், அவரை வழியனுப்ப வந்திருந்த ஒரு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"லீடர் சார்தான் டீச்சர். காலையில குடுத்தாரு. உன் பையிலதான் இடம் இருக்கு, வச்சுக்க, மெட்ராஸ்ல வாங்கிக்கறேன்னாரு."

"நீ சும்மா வாங்கிக்கிட்டியா?"

"லிஸ்ட்ல பேர் போடறவரு அவரு. மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

3. டேக் யார் டிக்கெட்டில்?

இங்கே ஒரு விஷயம். பெட்டியை கவுன்டரில் போட்டதும் ஒரு டேக் கட்டுவார்கள். அதில் பாதி பெட்டியில் இருக்கும். மறுபாதியை டிக்கெட் கவரில் ஸ்டேப்பிள் அடித்துத் தருவார்கள். எந்த டிக்கெட்டில் அந்தச் சீட்டு இருக்கிறதோ அவர்தான் பெட்டிக்குச் சொந்தக்காரர். உள்ளே இருப்பதை யார் வைத்தது என்று சுங்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள் பையில் அந்த டின் மாட்டினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆர்டர் வரும் நேரம். அதற்கு முன் அவளைப் பற்றிய போலீஸ் விசாரணை முடிய வேண்டும். அப்பன் மேல் ஒரு கேஸ், மகள் மேல் ஒரு கேஸ். வேலை போய்விடும், ஆட்டமும் அதோடு சரி.

டின்னை எடுத்துக்கொண்டு லீடரிடம் போனேன்.

"சார், உங்க டின். தப்பா வசந்தா பையில இருக்கு."

"என்னுதா? எனக்குத் தெரியாதே டீச்சர்."

"அப்படிங்களா? சரிங்க. யாரோடதுன்னு தெரியாத சாமானை டீம் லக்கேஜ்ல ஏத்த முடியாது. கவுன்டர்ல திறந்து பாக்கச் சொல்லிடறேன்."

நான் நாலடி நடப்பதற்குள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"இருங்க டீச்சர், இருங்க. ஏன் பெருசு பண்றீங்க? வாட்ச்தான். கொஞ்சம் வாட்ச். வீட்டுல கல்யாணம், சொந்தக்காரங்களுக்குக் குடுக்க. நம்மளை வரவேற்க மந்திரியே மாலையோட வர்றாரு. யார் பெட்டியைத் தொடப் போறான்?"

"அப்ப உங்க பெட்டியிலயே வைக்கலாமே சார்."

அவர் சிரித்தார். "நான் பொது வாழ்க்கையில இருக்கறவன். ஒரு பேச்சுக்கு அவ மாட்டினாகூட, அந்தக் குடும்பத்துக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசில்ல. நமக்கு எதுக்கு?"

நமக்கு என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். அந்தச் சொல் அன்று சுட்டது போல வேறெதுவும் சுடவில்லை.

"பூலிங் வேண்டாம் சார். அவங்கவங்க பெட்டி அவங்கவங்க டிக்கெட்ல போகட்டும்" என்று சொல்லி டின்னை அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழியனுப்ப வந்த ஆளிடம் அதைத் தள்ளினார். அந்த ஆள் சட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டின் போனதும் வசந்தாவின் பை இருபத்தெட்டுக்கு இறங்கியது. இன்னும் எட்டு கிலோ. மற்ற பெண்களே முன்னால் வந்தார்கள். "எனக்கு ரெண்டு பொட்டலம் குடுங்க டீச்சர், என் பை பதினாறுதான்" என்றாள் ஒருத்தி. பிரித்துப் பார்த்த பொட்டலங்கள் என்பதால் சரி என்றேன். எந்தப் பொட்டலம் யார் பெட்டியில் என்று நோட்டில் எழுதி, அவரவரிடம் கையெழுத்து வாங்கினேன். லீடரின் இரண்டு சூட்கேசும் நாற்பத்திநாலு கிலோ இருந்தன. கூடுதல் எடைக்கு அவரே கட்டிக்கொண்டார்.

4. மீனம்பாக்கம்

விமானத்தில் எனக்கு நிம்மதி இல்லை. காலையில் ஒரு டின்னை வைத்தவர் வேறெங்காவது வேறெதையாவது வைத்திருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? பந்துப் பையைப் பார்த்தேனா? முழங்காலில் கட்டும் பேட் வைத்த பெட்டி? ஜெயித்து வந்த கோப்பையின் அடித்தட்டைத் திருகிப் பார்த்தேனா? ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்தது, தொடவில்லை.

மெட்ராசில் இறங்கி பெல்ட்டில் பெட்டி எடுத்தோம். மந்திரி வெளியே காத்திருக்கிறார் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். லீடர் இரண்டு சூட்கேசோடு கையசைத்தபடி நடந்தார். யாரும் நிறுத்தவில்லை. பெண்களும் போனார்கள். வசந்தாவை மட்டும் ஒரு அதிகாரி கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ இப்படி வாம்மா. எந்த ஊரு?"

"கீழ்வேளூர் பக்கங்க."

"அப்பா என்ன பண்றாரு?"

"விவசாயக் கூலிங்க."

"கூலிக்காரர் பொண்ணுக்கு இவ்வளவு பெரிய பையா? திற."

ஒரே நாளில் இரண்டாவது முறையாக அவள் அந்தப் பையைத் திறந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். மூன்றாவது பிஸ்கட் டின்னின் மூடியை நெம்பும்போது நான் எட்டிப் பார்த்தேன். காகிதம், அதன் கீழே பிஸ்கட். அவ்வளவுதான்.

நோட்டை நீட்டினேன். பொட்டல வரிசை, உள்ளே உள்ளது, விலாசம், யார் பெட்டியில் என்று எல்லாம் இருந்தது. அவர் இரண்டு பக்கம் படித்தார். ஒரு பொட்டலத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"நீங்க எழுதினதா?"

"ஆமாங்க. நான் மேனேஜர்."

"இப்படி ஒரு டீம் மேனேஜர் எழுதி நான் பாத்ததில்ல" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "போங்கம்மா."

வெளியே வந்தபோது மாலை போட்டு முடித்திருந்தார்கள். போட்டோவில் நானும் வசந்தாவும் இல்லை.

5. முன்னாடி, அப்புறம்

லீடர் கொடுத்த ரிப்போர்ட்டில் எனக்கு நிர்வாகத் திறமை போதாது என்று எழுதியிருந்தார். நான்கு வருஷம் எந்த டீமுக்கும் என்னைப் போடவில்லை. வசந்தாவுக்கு வேலை ஆர்டர் வந்தது என்று கேள்விப்பட்டேன். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தி எனக்கு. சக டீச்சர்களிடம் டின் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் பங்கு கொஞ்சம் கூடிக்கொண்டே போயிருக்கும்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு போட்டிக்கு ஸ்கோர் எழுதப் போனபோது அவளைப் பார்த்தேன். தன் ஆபீஸ் டீமுக்கு கேப்டனாக வந்திருந்தாள். அப்பாவின் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டதாம். பொட்டலங்கள் பதினேழையும் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கொடுத்தாளாம். போட்டோ போன வீட்டில் அவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்களாம். சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நானே பேச்சை டின் பக்கம் இழுத்தேன்.

"அன்னிக்கு மட்டும் நான் பாக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் வசந்தா?"

"நான் மாட்டியிருப்பேன் டீச்சர். அதை நான் மறக்கல" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, அதே குரலில் சொன்னாள். "ஆனா டின் இருக்கறது உங்களுக்கு அப்புறம்தான தெரியும். பையைத் திறன்னது அதுக்கு முன்னாடி. லீடர் சார் சூட்கேஸ் நாப்பத்திநாலு கிலோ. அதை நீங்கதான் எடை போட்டீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

தராசில் அந்த எண்ணை நான்தான் பார்த்தேன், நான்தான் நோட்டில் எழுதினேன். மொத்தத்தில் கூடியது பதினொரு கிலோ. லீடர் மட்டுமே இருபத்திநாலு கூட வைத்திருந்தார். அவர் தன் அளவோடு வந்திருந்தால் வசந்தாவின் பொட்டலங்களோடும் நாங்கள் தாராளமாகக் கணக்குக்குள் வந்திருப்போம். ஆறாம் வகுப்புக் கழித்தல். அந்த ஹாலில் அது எனக்கு வரவில்லை. நான் சந்தேகப்பட்டது எடையை இல்லை, அவள் ஊரை.

விசில் ஊதினார்கள். அவள் ஆட்டத்துக்குப் போனாள். அன்று நான் ஒழுங்காக ஸ்கோர் எழுதவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி மேனேஜராகப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை எட்டு டீம் கூட்டிப் போனேன். ஊர் திரும்புகிற அன்று, எல்லாரும் பார்க்க முதலில் என் பெட்டியைத் திறந்து தராசில் வைப்பேன். அடுத்து தலைவருடையது. முகம் சுளித்தவர்கள் உண்டு, மேலே புகார் எழுதிப் போட்டவரும் உண்டு. அது முடிந்த பிறகுதான் பிள்ளைகள் தங்கள் பையைத் தூக்கி வரலாம்.