அக்காவிடமிருந்து சிங்களம் போன பிறகு

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் அக்கா வீட்டு அடுப்பில் ஒரு நாள் காலை இரண்டாவது பானைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் பானை வடித்து மேசையில் ஆவி பறக்க இருந்தது. யார் விருந்துக்கு வருகிறார்கள் என்று அத்தான் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் கண்கள் ஒரு பானைக்கும் மற்றதற்குமாகப் போய்வந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் அவள் அறுபதைத் தாண்டியிருந்தாள்.

அத்தான் சிங்களவர். ஹட்டனில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயக் குடியிருப்பில் பிறந்த அக்கா, டவுனில் தையல் கடைக்கு வேலைக்குப் போன காலத்தில் அவரைச் சந்தித்தாள். அவருக்காகவே சிங்களம் பழகினாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் சண்டையும் சமாதானமும் சிங்களத்தில்தான். கராஜுக்கு வருபவர்களிடம் பேசுகிற நாலு வார்த்தைக்கு மேல் அத்தானுக்குத் தமிழ் தெரியாது. "அவருக்கு எதுக்குத் தமிழு? அதான் நான் இருக்கேனே" என்பாள் அக்கா.

தன் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் அவள் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்த பிறகுதான் கண்டிக்குக் கூட்டிப்போனோம். அல்சைமர் என்றார் மருத்துவர். மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கிற இடத்துக்கருகே கெட்டுப்போன புரதம் சேரத் தொடங்கும், பிறகு ஒரு நரம்பணுவிலிருந்து அதோடு தொடர்புள்ள அடுத்த அணுவுக்குப் போகும் என்று விளக்கினார். "பக்கத்துல இருக்கிறதுக்கெல்லாம் ஒரே மாதிரி பரவுறதில்லம்மா. எதோட எது நெருங்கித் தொடர்பு வச்சிருக்கோ, அந்த வழியாத்தான் போகுது. ஞாபகம், அப்புறம் வழி, பேச்சு." நிறுத்த முடியாதா என்று கேட்டேன். கொஞ்சம் மெதுவாக்கிப் பார்க்கலாம் என்றார். அத்தானுக்கு அவரே அதைச் சிங்களத்திலும் சொன்னார். அத்தான் கேட்டது ஒன்றுதான்: என்னையும் மறந்துவிடுவாளா?

பேச்சு போகும் என்றால் எல்லாம் சேர்ந்து போகும் என்று நினைத்திருந்தோம். முதலில் போனது சிங்களம். பின்னால் கற்ற மொழி பலருக்கு முன்னால் போய்விடுமாம். நடுநடுவே தமிழ் கலந்தாள். பிறகு தமிழ் மட்டுமே பேசினாள். அத்தான் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் என் பக்கம் திரும்பி, "இவரு என்னடி சொல்றாரு?" என்பாள். அத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்த இருவருக்கு நடுவில், துணைக்கு அங்கேயே வந்து தங்கியிருந்த நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மனைவி சொல்வதை மச்சினியின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. சில நேரம் நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விடுவார்.

பிறகு அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். கராஜை மூடிவிட்டு வந்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் அவரிடம் மரியாதையாகப் பேசுவதைக் கேட்டே பழகியதால், அக்காவிடமும் "சாப்பிடுங்க", "தூங்குங்க" என்றுதான் அவருக்குச் சொல்ல வந்தது. நானும் திருத்தவில்லை, அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, யாருடைய உதவியும் இல்லாமல், "மழை வருது. குளிருதா உங்களுக்கு? போர்வை கொண்டு வரவா?" என்று கேட்டார். அக்கா அவரை நன்றாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வேணாங்க. நல்லாத் தமிழ் பேசுறீங்களே. எந்த ஊருங்க நீங்க?"

அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "நல்லாப் பேசுறதுன்னு சொன்னாங்க" என்றார். அவள் அடுத்துக் கேட்டதும் அவருக்குப் புரிந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாகிவிட்ட தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். அவள் பேச்சு முழுதாக இருந்த நாளில் இந்தத் தமிழ் அவருக்கு வந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

இப்போது அக்கா எந்த மொழியும் பேசுவதில்லை. டிக்கோயாவில் என் வீட்டுக்குத் திரும்பிவிட்ட எனக்கு அத்தான் தினமும் போன் செய்கிறார். தமிழில்தான் பேசுகிறார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து, சொற்களைச் சேர்த்துச் சொல்வார்:

"இன்னைக்கும் அவங்க ஒண்ணும் பேசல்ல. நான்தான் பேசினேன்."