அப்பீல் மனுவின் ஏழாம் பத்தி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இருபது வருஷமாக ஒரே வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை உதறி, நான்காக மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். அவள் மடித்த ஓரத்தில் தக்காளி நறுக்கலாம் என்று கூட இருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் பிரித்துத் திரும்ப மடிப்பாள். ஏழு வருஷத்துக்கு முன்பு அவளும் ஏனோதானோ என்று மடித்தவள்தான், அது யாருக்கும் நினைவில்லை.

புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். ஜெட் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன், பிரேக்கை மிதிப்பது அவனுக்கு மானப் பிரச்சினை. அதிவேகத்துக்கு ஒரு வழக்கு, குடித்துவிட்டு ஓட்டியதற்கு இரண்டு. லைசென்ஸை முடக்கினார்கள். மூன்றாம் வாரமே வேனை எடுத்துக்கொண்டு போய், முன்பு பிடித்த அதே போலீஸ்காரரிடம் மாட்டினான். இந்தத் தடவை நீதிபதி அபராதத்தோடு விடவில்லை, ஒரு வருஷம் ஜெயில் என்று எழுதிவிட்டார். அப்பீல் செய்ய முப்பது நாள் கெடு, அதுவரை ஜாமீன். இருபத்தொன்பது நாளை ஓட்டிவிட்டு முப்பதாம் நாள் மத்தியானம் பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு வக்கீல் மாடிக்கு ஏறினான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஆள், என்ன செய்வது!

"ஏழாம் பத்திதான் நமக்கு உயிர்நாடி," என்றார் வக்கீல். "நாலு கேஸ் இருக்கட்டும். ஒருத்தருக்காவது காயம் உண்டா? அதைத்தான் நான் பிடிக்கப் போறேன். அதுக்கு உங்க வீட்டம்மா ஒரு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்."

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பதினைந்து ஆண்டுகளாக என் கணவரின் வாகனத்தில் உடன் சென்று வருகிறேன். இன்றுவரை அதனால் எந்த உயிருக்கும் எந்தக் கேடும் நேர்ந்ததில்லை என்று மனமார உறுதி கூறுகிறேன்."

மனமார என்ற இடத்தில், குமாஸ்தா கொடுத்திருந்த பேனாவின் மூடியை அவள் திரும்ப மூடினாள்.

ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலை. அவளை வேலைக்கு விட வேனில் போய்க்கொண்டிருந்தான். இடது பக்கம் தடாலென்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தான், கண்ணாடியைப் பார்த்தான், "நாய்," என்றான். "ம்," என்றாள். வண்டி போய்விட்டது. மத்தியானம் அவசர வார்டிலிருந்து துணி மூட்டை வந்தபோது ஆயா சொன்னாள், பேப்பர் போடுகிற பெரியவர் ஒருத்தரைக் காலையில் எவனோ அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று. எந்தத் தெரு என்று கேட்டாள். அதே தெரு.

பதினோரு நாள், ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போனாள். ஒருநாள் அவர் முதுகுக்கடியில் விரிப்பு சுருண்டு உறுத்திக்கொண்டிருந்தது. இழுத்துச் சரி செய்தாள். பெரியவர் கண்ணைத் திறந்து, "நல்லா இருப்பீங்கம்மா," என்றார். பன்னிரண்டாம் நாள் அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அந்த வாழ்த்து இன்றுவரை அவளை விடவில்லை. இயந்திரம் சுற்றும் இரைச்சலில் கேட்கிறது, குழாயைத் திறந்தால் கேட்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். புருஷனிடம் சொல்லவில்லை. நாயை அடித்தோம் என்று நம்பிக்கொண்டிருப்பவனிடம் போய், நீ அடித்தது மனுஷன், அவர் செத்தும் போனார் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டில் ஒருத்தராவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று, ஊமை கண்ட கனவாக அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"படிச்சதெல்லாம் சரிதானே?" என்றார் வக்கீல்.

ஜெட் முந்திக்கொண்டான். "நூத்துக்கு நூறு சரி சார். இத்தனை வருஷத்துல ஒரு நாயைக்கூட அடிச்சதில்ல."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் அவன் முகம் வெளிறியது. அப்படியென்றால் அது நாயில்லை என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். கண்ணாடியில் பார்த்தபோதே தெரியும். அவன் குடிக்க ஆரம்பித்தது அந்த மழைக்கு அப்புறம்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே பாயில் ஏழு வருஷம், இரண்டு பேரும் தூங்குவதுபோல நடித்திருக்கிறார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேனாவை மேஜைமேல் வைத்தாள். "சார், ஒருத்தரை அடிச்சிருக்கு."

வக்கீல் கையை உயர்த்தினார். "அம்மா, இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. தெரிஞ்சே பொய்ப் பத்திரத்தை நான் தாக்கல் பண்ண முடியாது. வெளியே போய்ப் பேசிட்டு வாங்க. அந்தப் பத்தி இல்லாமலும் மனு போடலாம், ஜெயிக்கிறது கஷ்டம். கோர்ட் ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும்தான்."

மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனேன்," என்றான். "சைக்கிள் மட்டும் சுவரோரமா கிடந்துச்சு. யாரையும் கேட்க தைரியம் வரல. உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாங்க."

அவன் அவள் கையைப் பிடித்தான். "பிழைச்சாரா?"

ஏழு வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து உள்ளே போய், அந்தப் பத்தி இல்லாமலாவது மனுவைப் போடச் சொல்லியிருப்பான். நாளைக்கே வேன் சாவியையும் எடுத்திருப்பான்.

"இல்லைங்க," என்றாள்.

தீர்ப்பு வாசித்த அன்று அழாதவன் அப்போது அழுதான். அவள் தேற்றவில்லை. அவளுக்கும் அழுகைதான் வந்தது.

குமாஸ்தா மூன்று தடவை வந்து, "என்னப்பா, போடலாமா வேண்டாமா?" என்று கேட்டார். மூன்று தடவையும் ஜெட் தலையை ஆட்டி மறுத்தான். ஐந்து மணிக்கு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நடுவே பார்த்துக் காலை வைத்து இறங்கிப் போனார்.